தாய்லாந்து மனைவி வழியில் ஓராண்டு தங்கும் அனுமதி: பணம், தேதி, வேறு ஊரில் உள்ள வீட்டுப் பதிவேடு

நாக்லுவா வாசி (கேள்வி, ஜூன் 12)

வணக்கம். மனைவி தாய்லாந்துக்காரர். பாங்காக்கில் பாங்ராக் வட்டார அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்திருக்கிறோம். இந்தியாவில் இருந்தபடியே இ-விசாவில் 90 நாள் நான்-இமிகிரண்ட் ஓ (குடும்பத்தோடு தங்க வருகிறவர்களுக்கான விசா) வாங்கி ஜூன் 5 அன்று வந்தேன். பாஸ்போர்ட் முத்திரையில் செப்டம்பர் 2 வரை என்று இருக்கிறது. அதற்குள் ஓராண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் தடவை என்பதால் சில சந்தேகங்கள்.

என் பெயரில் இங்கே சேமிப்புக் கணக்கு உண்டு, அதில் இப்போது 1,60,000 பாட் இருக்கிறது. மீதியை ஊரிலிருந்து வரவழைக்க வேண்டும். மனைவியோடு கூட்டுக் கணக்கில் வைத்தால் ஏற்பார்களா? மனைவியின் பெயர் உதோன் தானியில் மாமியார் வீட்டு தபியன் பானில் (வீட்டுப் பதிவேடு) இருக்கிறது. நாங்கள் குடியிருப்பது நாக்லுவாவில் வாடகை வீடு. எந்த ஊர் இமிகிரேஷனுக்கு (குடியேற்ற அலுவலகம்) போவது? செப்டம்பர் 10 அன்று மதுரையில் தங்கை கல்யாணம். ஐந்தாம் தேதி கிளம்பினால்தான் சரிப்படும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டுப் போகலாமா?

---

சோய் ஐந்து

முதலில் ஊர். எங்கே குடியிருக்கிறீர்களோ அந்த மாகாண அலுவலகம்தான். நாக்லுவா என்றால் சோன்புரி இமிகிரேஷன், ஜோம்தியென் சோய் 5. உதோன் தானிக்குப் போக வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தமும் அந்த முகவரிக்கு வீட்டு உரிமையாளர் போட்ட டி.எம்.30 (வெளிநாட்டவர் தங்கியிருப்பதைத் தெரிவிக்கும் படிவம்) ரசீதும் கையில் இருக்க வேண்டும். தபியன் பான் முகவரி வேறாக இருப்பது தாய்லாந்தில் பாதிக் குடும்பங்களுக்கு உள்ள நிலைமை, அதிகாரிகளுக்கும் தெரியும். ஏன் வேறு ஊரில் இருக்கிறது என்று மனைவியைக் கேட்பார்கள். அவர் வாயால் பதில் வந்தால் போதும்.

இப்போது தேதிக்கு வருவோம். உங்கள் பிரச்சினையே அங்கேதான்.

அனுமதி முடிய 30 நாள் இருக்கும்போதிலிருந்து விண்ணப்பம் வாங்குவார்கள் (சில அலுவலகங்களில் 45). உங்களுக்கு ஆகஸ்ட் 3 வாக்கில் கதவு திறக்கும். விண்ணப்பிக்கும் நாளில் 4 லட்சம் பாட் முழுதாக இரண்டு மாதம் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். பணம் ஜூன் 25க்குள் வந்துவிட்டால் ஆகஸ்ட் 26 அல்லது 27இல் போய் நிற்கலாம். ஜூலை 1 தாண்டி வந்தால் செப்டம்பர் 2க்குள் இரண்டு மாதம் நிறையாது. கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். இன்னொன்று, இந்த இரண்டு மாதத்தில் ஒரே ஒரு நாள் இருப்பு 3,99,900 ஆனாலும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கார்டு ஆண்டுக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம் என்று வங்கி சத்தமில்லாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் 4,10,000 போட்டு வைத்துவிட்டு அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டை மறந்துவிடுவது நல்லது. அன்றாடச் செலவுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மதுரைப் பயணம். திருமண வழி நீட்டிப்பில் ஓராண்டு முத்திரையை அன்றைக்கே குத்தித் தர மாட்டார்கள். ஓய்வுக்கால விசாக்காரர்களுக்கு அதே நாளில் கிடைப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நமது கோப்பு மேலிடத்துக்குப் போய் ஒப்புதல் வாங்கி வர வேண்டும். அதுவரை ‘பரிசீலனையில்’ என்று 30 நாளுக்கு ஒரு முத்திரை வைப்பார்கள். ஆகஸ்ட் 26இல் விண்ணப்பித்தால் செப்டம்பர் 25 வாக்கில் வரச் சொல்வார்கள். நடுவில் ரீ-என்ட்ரி பெர்மிட் (இருக்கிற அனுமதியை இழக்காமல் போய்த் திரும்புவதற்கான சீட்டு) எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். குறித்த தேதிக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும். சட்டப்படி சரிதான். ஆனால் வீட்டைப் பார்க்க அதிகாரி வருவதும் அந்த முப்பது நாளுக்குள்தான். அவர் வரும்போது கணவன் மதுரையில் இருந்தால் கோப்பு நன்றாக இருக்குமா?

நான் சொல்லும் வழி வேறு. ஆகஸ்டில் ஓராண்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ‘தாய் மனைவியைக் காண’ என்று 60 நாள் நீட்டிப்பு ஒன்று உண்டு. கட்டணம் 1,900 பாட். வங்கி இருப்பைப் பார்க்க மாட்டார்கள், பரிசீலனைக் காலமும் கிடையாது. செப்டம்பர் 2 என்பது நவம்பர் 1 ஆகிவிடும். உடனே ஒருமுறைக்கான ரீ-என்ட்ரி (டி.எம்.8 படிவம், 1,000 பாட்) எடுங்கள். கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால் பழைய தேதியே, அதாவது நவம்பர் 1, மறுபடி முத்திரையில் விழும். அக்டோபர் 5க்கு மேல் நிதானமாக ஓராண்டு விண்ணப்பம் கொடுங்கள். பணம் ஜூலை கடைசியில் வந்தால்கூடப் போதும். கூடுதல் செலவு 2,900 பாட், அவ்வளவுதான்.

ரீ-என்ட்ரி எடுக்காமல் விமானம் ஏறினால் இருக்கிற அனுமதி அத்தோடு செத்துப்போகும். நீட்டிப்பு என்பது விசா அல்ல, அதற்குத் தனியாக உயிர் கிடையாது. திரும்பும்போது தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். குடியேற்றக் கவுண்டரில் ரீ-என்ட்ரி முத்திரை உள்ள பக்கத்தைத் திறந்து நீட்டுங்கள். அவர்கள் கவனிக்காமல் வேறு நுழைவு முத்திரை குத்திவிட்டால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. முத்திரையில் உள்ள தேதியைப் பார்க்காமல் கவுண்டரை விட்டு நகரக்கூடாது.

---

கணக்குப்பிள்ளை

சோய் ஐந்து அண்ணன் சொன்ன 60 நாள் வழிக்கு என் ஓட்டும். பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கூட்டுக் கணக்கு வேண்டாம். உங்கள் ஒருவர் பெயரில், தாய்லாந்து வங்கியில் இருக்க வேண்டும். சேமிப்புக் கணக்கோ நிரந்தர வைப்போ, இரண்டும் செல்லும். ஆனால் நிரந்தர வைப்பில் அன்றைய தேதிக்குப் பாஸ்புத்தகத்தில் வரி விழ வைப்பது தலைவலி. முதல் தடவைக்குச் சேமிப்புக் கணக்கே வசதி.

விண்ணப்ப நாளன்று காலையில் வங்கியில் மூன்று வேலை. உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே வருகிற இருப்புச் சான்றுக் கடிதம் (100, 200 பாட் ஆகும்), முத்திரை வைத்த கணக்கு அறிக்கை, பாஸ்புத்தகம் புதுப்பித்தல். புத்தகத்தில் அன்றைய தேதியில் ஒரு வரி இருக்க வேண்டும் என்பதற்காக 100 பாட் போட்டுவிட்டுப் பிறகு புத்தகத்தை இயந்திரத்தில் செருகுங்கள். எடுக்காதீர்கள், போடுங்கள்.

இந்தியாவிலிருந்து அனுப்புவதில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பாட் விலையைப் பொறுத்து 4 லட்சம் பாட் என்பது பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். இந்தியாவில் வசிப்பவராக நின்று தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் அனுப்பினால், ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். பத்து லட்சம் வரைக்கும் இல்லை, அதற்கு மேலுள்ள பகுதிக்கு மட்டும். பிடித்த பணம் போய்விடாது, வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். ஆனால் மாதக்கணக்கில் முடங்கும். ஏற்கெனவே உங்களிடம் 1,60,000 பாட் இருப்பதால் மீதிக்கு இந்த வரம்பே வராது. முழுத் தொகையும் அனுப்ப வேண்டியவர்கள் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று இரண்டு நிதியாண்டில் பிரித்துக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று. நீங்கள் இங்கேயே குடியிருக்க வந்துவிட்டீர்கள் என்றால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி இனி வெளிநாடுவாழ் இந்தியர். ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான உள்நாட்டுக் கணக்கு) ஆக மாற்றிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து அனுப்ப ஆடிட்டர் சான்று கேட்பார்கள். கணக்கை மாற்றி, சான்று வாங்கி, பணம் போய்ச் சேர மூன்று வாரம்கூட ஆகலாம். ஜூன் 25 என்கிற கெடுவைப் பிடிக்க முடியாமல் போவது இதனால்தான். அக்டோபர் விண்ணப்பம் உங்களுக்கு ஏன் பொருந்தும் என்று இப்போது புரிகிறதா?

மாத வருமானம் 40,000 பாட் என்று காட்டுகிற வழியும் உண்டு. பன்னிரண்டு மாதமும் வெளிநாட்டிலிருந்து தலா 40,000 பாட்டுக்குக் குறையாமல் இங்குள்ள கணக்குக்கு வந்திருக்க வேண்டும். ஒரு மாதம் 39,500 வந்து அடுத்த மாதம் 41,000 வந்தால் சராசரி பார்த்து விடுவார்கள் என்று நம்பக் கூடாது. செயலிகள் வழியாக அனுப்பும் பணம் சில சமயம் உள்ளூர்ப் பரிமாற்றமாகக் கணக்கில் விழும். அப்போது வங்கியால் ‘வெளிநாட்டுப் பணம்’ என்று சான்று தர முடியாது. முதல் வருடம் உங்களுக்கு இது பொருந்தாது.

---

காத்தாடி

எதுக்கு இவ்வளவு சுத்தணும் ப்ரோ? பட்டாயாவுல ஏஜென்ட் கிட்ட போனா அவங்களே கணக்குல பணத்தைப் போட்டு எடுத்துக் குடுத்துருவாங்கன்னு கேள்வி.

---

சோய் ஐந்து

தம்பி, அந்த வழியை இங்கே எழுதாதீர்கள். படிவம் நிரப்பித் தர, வரிசையில் நிற்க ஏஜென்ட் வைத்துக்கொள்வதில் தவறில்லை. அவர் பணத்தைக் காட்டி அனுமதி வாங்குவது பொய் ஆவணம். அடுத்த வருடம் கணக்கு அறிக்கையைப் பன்னிரண்டு மாதத்துக்குக் கேட்டால், ஒரு நாள் வந்து மறுநாள் போன 4 லட்சம் பளிச்சென்று தெரியும். மாட்டுவது ஏஜென்ட் அல்ல, பாஸ்போர்ட்டுக்குச் சொந்தக்காரர்.

---

லாட்பிராவ்

ஆவணங்கள். திருமணக் கோப்பு தடிமனானது. இரண்டு செட்டாகத் தயாரியுங்கள், ஒன்று மேலிடத்துக்குப் போகும். எல்லாம் ஏ4 தாளில், ஒரு பக்கம் மட்டும் நகல். உங்கள் நகல்களில் நீங்களும், மனைவியின் நகல்களில் அவரும் நீல மையில் கையெழுத்து.

உங்களிடமிருந்து: டி.எம்.7 படிவம் (நீட்டிப்பு விண்ணப்பம்), 4×6 செ.மீ. புகைப்படம், 1,900 பாட், பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், விசா, கடைசி நுழைவு முத்திரை, அதன்பின் வாங்கிய எல்லா நீட்டிப்பு முத்திரைகளின் நகல், டி.எம்.30 ரசீது, வாடகை ஒப்பந்தம், வங்கிக் காகிதங்கள். அனுமதி முடிந்தும் தங்கினால் என்ன தண்டனை என்பதை அறிவேன் என்று அவர்களே தரும் தாள்களில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் (நாளொன்றுக்கு 500 பாட், உச்சம் 20,000).

மனைவியிடமிருந்து: அடையாள அட்டை, தபியன் பானின் முதல் பக்கமும் அவர் பெயர் உள்ள பக்கமும். திருமணத்துக்குப் பின் அவர் குடும்பப் பெயரை மாற்றியிருந்தால் அட்டையிலும் தபியன் பானிலும் அது ஏறியிருக்க வேண்டும். ஒன்றில் மாறி இன்னொன்றில் மாறாமல் இருப்பது அடிக்கடி பார்க்கிற கோளாறு. உங்கள் மனைவியின் பதிவு உதோனில் இருப்பதால் இதை இப்போதே பாருங்கள். கடைசி வாரத்தில் கண்டுபிடித்தால் இரவுப் பேருந்துதான். அசல் தபியன் பான் புத்தகமும் மாமியாரிடமிருந்து வரவேண்டும், நகலை மட்டும் வாட்ஸாப்பில் வாங்கி அச்சடித்தால் ஏற்க மாட்டார்கள்.

திருமணத்துக்கு இரண்டு காகிதம். கோ ரோ 3 என்பது பூவேலை போட்ட சான்றிதழ், ஒருமுறை தந்தது. கோ ரோ 2 என்பது பதிவேட்டின் பிரதி. இமிகிரேஷனுக்கு வேண்டியது புதிதாக எடுத்த கோ ரோ 2. 30 நாளுக்குள் வாங்கியதாக இருந்தால் எந்த அலுவலகத்திலும் கேள்வி வராது. திருமணம் இன்னும் நிலைத்திருக்கிறது என்று காட்ட அதுதான் சாட்சி என்பதால் ஒவ்வொரு வருடமும் புதிதாக எடுக்க வேண்டும். பதிவு கணினியில் ஏறியிருந்தால் பாங்ராக் வரை போக வேண்டாம், நாக்லுவா அடங்கிய பாங்லமுங் வட்டார அலுவலகத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சீலோம் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியது மட்டும் இருந்தால் இமிகிரேஷனுக்கு நீங்கள் இன்னும் பிரம்மச்சாரிதான். வட்டார அலுவலகப் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் சார்பதிவாளரிடம் பதிவு செய்தவர்கள் அந்தச் சான்றுக்கு இந்திய வெளியுறவுத் துறை ஒப்பமும் தாய்லாந்துத் தூதரக ஒப்பமும் வாங்கி, தாய் மொழியில் பெயர்த்து, பாங்காக் சேங் வத்தானாவில் உள்ள தூதரக விவகாரத் துறையில் முத்திரை பெற்று, பிறகு வட்டார அலுவலகத்தில் கோ ரோ 22 ஆகப் பதிய வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் கோ ரோ 2க்குப் பதிலாகக் கோ ரோ 22இன் புதிய பிரதி.

நம் பெயர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஒரு மொழிபெயர்ப்பாளர் உங்கள் பெயரைத் தாய் எழுத்தில் ஒரு மாதிரி எழுதுவார், வட்டார அலுவலகம் வேறு மாதிரி எழுதும். பெயரில் ழகரம் இருந்தால் கேட்கவே வேண்டாம், பாஸ்போர்ட்டில் உள்ள ‘இஸட் ஹெச்’ எழுத்துகளைப் பார்த்து ஒருவர் சகரமாகவும் இன்னொருவர் லகரமாகவும் எழுதுவார்கள். கோ ரோ 2இல் என்ன எழுத்தோ அதையே எல்லா இடத்திலும் பின்பற்றச் சொல்லுங்கள். முதலெழுத்தை விரித்துத் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிய பாஸ்போர்ட் என்றால் முன்பெயர், பின்பெயர் வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகைப்படங்கள்: வீட்டு எண் தெரிகிற மாதிரி வாசலில் இருவரும், கூடத்தில், சமையலறையில், படுக்கையறையில். நான்கிலிருந்து ஆறு போதும், வண்ண அச்சு. கல்யாண ஆல்பம் தேவையில்லை. ஒரே வீட்டில் வாழ்கிறீர்களா என்பதுதான் கேள்வி, எப்படிக் கல்யாணம் நடந்தது என்பதல்ல. எல்லாப் படத்திலும் ஒரே சட்டை இருந்தால் அதிகாரி சிரிப்பார். வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம் கையால் போட்டது போதும். பக்கத்தில் உள்ள கோயில், செவன்-இலெவன் கடை ஆகியவற்றைக் குறியுங்கள். சில அலுவலகங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைச் சாட்சியாக, அடையாள அட்டையோடு கேட்கும். முன்கூட்டியே ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

மனைவி நேரில் வந்தே ஆக வேண்டும், வேலைக்கு விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள்.

---

ஈசான் மருமகள்

இது எல்லாம் கணவர் வெளிநாட்டவர் என்றால். மனைவி வெளிநாட்டவர், கணவர் தாய்லாந்துக்காரர் என்றால் 4 லட்சமோ 40,000 வருமானமோ விதியில் இல்லை. பெண்கள் பலர் இது தெரியாமல் பணத்தைப் புரட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கணவரின் வேலைச் சான்றோ வருமானக் காகிதமோ அதிகாரி கேட்டால் காட்டத் தயாராக வைத்திருக்கலாம். மற்றபடி கோ ரோ 2, தபியன் பான், புகைப்படங்கள், 30 நாள் பரிசீலனை எல்லாம் ஒன்றுதான்.

---

நாக்லுவா வாசி

எல்லாருக்கும் நன்றி. 60 நாள் வழியையே எடுக்கிறேன். மூன்று சந்தேகம் மிச்சம். அக்டோபரில் கொடுத்தபின் பணத்தை எப்போது எடுக்கலாம்? 90 நாள் அறிவிப்பு எனக்கு எப்போது? பாஸ்போர்ட் அடுத்த ஏப்ரலில் முடிகிறது, அது பிரச்சினையா?

---

சோய் ஐந்து

பணம்: இறுதி முத்திரை கையில் விழும்வரை தொடாதீர்கள். பரிசீலனை முடிந்து வரும் நாளில் மறுபடி பாஸ்புத்தகத்தைப் பார்க்கிற வழக்கம் உண்டு. ஓய்வுக்கால நீட்டிப்புக்கு 2019இல் வந்த ‘ஒப்புதலுக்குப் பின்னும் மூன்று மாதம் வைத்திரு’ என்ற விதி திருமண வழிக்கு இல்லை. ஆனால் அடுத்த வருட விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே திரும்ப நிரப்ப வேண்டும் என்பதால், முடிந்தவர்கள் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

90 நாள் அறிவிப்பு (டி.எம்.47, தங்கும் முகவரியை 90 நாளுக்கு ஒருமுறை இமிகிரேஷனுக்குத் தெரிவிப்பது): கடைசியாக நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து எண்ணுவது. கெடுவுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்வரை கொடுக்கலாம். தவறினால் 2,000 பாட். உங்களுக்கு முதல் கெடு செப்டம்பர் 2 வாக்கில் வரும். ஐந்தாம் தேதி கிளம்பிவிடுவதால் அந்த ஏழு நாளுக்குள் அடங்கிவிடும். மதுரையிலிருந்து திரும்பிய நாளிலிருந்து எண்ணிக்கை மறுபடி ஒன்றில் தொடங்கும். ஓராண்டு அனுமதி கிடைத்தாலும் இது தனியாக ஓடும். பலர் ‘நீட்டிப்புதான் வாங்கிவிட்டோமே’ என்று விட்டுவிட்டு அபராதம் கட்டுகிறார்கள். திரும்பி வந்தபின் டி.எம்.30 பழைய ரசீது செல்லுமா என்று கவுண்டரில் கேட்டுவிடுங்கள். அதே முகவரி, அதே அனுமதி என்றால் 2020இலிருந்து மறுபடி தேவையில்லை என்பது விதி, ஆனால் புதிதாகக் கேட்கிற அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. உரிமையாளரிடம் சொல்லி இணையத்தில் ஒன்று போட்டுவிட்டால் வாக்குவாதமே இல்லை.

---

லாட்பிராவ்

பாஸ்போர்ட்தான் பெரிய விஷயம், நல்லவேளை கேட்டீர்கள். பாஸ்போர்ட் ஆயுளைத் தாண்டி அனுமதி தர மாட்டார்கள். நவம்பர் 1இலிருந்து ஓராண்டு என்று நினைத்துக்கொண்டு போனால் ஏப்ரலோடு நிறுத்திவிடுவார்கள். அதே 1,900, அதே தடித்த கோப்பு, ஐந்தரை மாத அனுமதி. அதனால் முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள், பிறகு ஓராண்டு விண்ணப்பம்.

எங்கே புதுப்பிப்பது என்பதையும் யோசியுங்கள். மதுரையில் இருக்கும் சில நாளில் தட்கலில் எடுக்கலாம் என்று தோன்றும். போலீஸ் சரிபார்ப்பு இழுத்தால் திரும்பும் விமானம் போய்விடும். பாங்காக்கில் செய்வதென்றால் பயணத்துக்கு முன், ஜூலையிலேயே கொடுத்துவிடுங்கள். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் பழையதையும் சேர்த்து ஜோம்தியென் அலுவலகத்துக்கு எடுத்துப்போய் விசா, நுழைவு முத்திரைகளைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு இந்தியத் தூதரகத்தின் கடிதம் கேட்பார்கள், புதுப் பாஸ்போர்ட் வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். மாற்றிய பிறகு 60 நாள் நீட்டிப்பு, அதன்பின் ரீ-என்ட்ரி, இந்த வரிசையில் போங்கள். ரீ-என்ட்ரி பழைய பாஸ்போர்ட்டிலும் நீங்கள் புதியதிலுமாக விமான நிலையத்தில் நிற்க வேண்டாம். வங்கிக்கும் புதிய எண்ணைச் சொல்லிவிடுங்கள். அக்டோபரில் வாங்கும் இருப்புக் கடிதத்தில் பழைய பாஸ்போர்ட் எண் அச்சானால் கவுண்டரில் கடிதத்தைத் திருப்பித் தருவார்கள்.